மடித்து ஒட்டிய நுனி

ஒரு வேனைக் கிளப்புவதற்காக நாங்கள் நாலு பேர் முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தோம். மூன்று பேர் டீசலில் குளித்து நாறினோம். நாலாவது ஆள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொன்னார். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் இதை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மாடியில் குடியிருக்கிறேன். தையல் வேலை. கீழ் வீட்டில் அக்காவும் அவள் புருஷனும். உடன்பிறந்த அக்கா இல்லை; குடிவந்த நாளிலிருந்து அக்கா என்று கூப்பிட்டு அதுவே பழகிவிட்டது. அவளுக்குச் சலவைத் தொழில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்மார் போடுகிற பச்சைச் சட்டை எல்லாம் அவளிடம்தான் வரும். கறையோடு வருகிற துணியைக் கொதிக்கிற சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் போட்டு, மொட்டை மாடியில் கொடி கட்டி உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து மூட்டை கட்டுவாள். என் ஜன்னலுக்கு வெளியே வருஷம் முழுக்க வெள்ளைத் துணிதான். பிளீச்சிங் வாடை என் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அவள் விரல்களில் வெடிப்பு இல்லாத இடமே கிடையாது.

மூட்டைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அண்ணன், அதாவது அவள் புருஷன். பழைய டீசல் வேன். ஓட்டுநர் சீட்டைத் தூக்கினால் அடியில் இஞ்சின். அண்ணனுக்கு வயரிங் வேலையும் கைவசம் இருந்தது. வீட்டில் இஸ்திரிப் பெட்டி வயர் போனாலும் மெஷின் பிளக் கருகினாலும் அவரேதான் பார்ப்பார். என் தையல் மெஷின் மோட்டார் வயரையும் ஒருமுறை ஒட்டிக் கொடுத்தார். கறுப்பு டேப்பைச் சுற்றி முடித்ததும் நுனியை முக்கோணமாக உள்ளே மடித்து ஒட்டுவார். "அடுத்த தடவ பிரிக்கிறவன் நகத்தால சொரண்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல" என்பார். அந்த வீட்டில் ஒட்டுப்போட்ட எந்த வயரைப் பார்த்தாலும் அந்தக் குட்டி முக்கோணம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், மொட்டை மாடியில் கொடிக்குக் கொக்கி அடிக்க ஏணியில் ஏறியவர் சறுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். "நடக்கணும், தினமும் நடக்கணும், நடந்தாதான் காலு" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வாக்கர் ஒன்றும் வாங்கி வந்தாள் அக்கா. அது சுவரோரம் நின்றது. அண்ணன் அதில் துண்டு காயப்போட்டார்.

"என்னால முடியலடி. பாத்ரூம் வரைக்குமே உசுரு போகுது."

அவர் பாத்ரூமுக்குப் போகவேண்டுமென்றால் உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். "தோளு!" என்பார். பேரும் இல்லை, "ஏய்"யும் இல்லை. தோளு. அக்கா கொதிக்கிற அண்டாவை விட்டுவிட்டு ஓடுவாள். அவருடைய முழு எடையும் அவள் ஒற்றைத் தோளில் இறங்கும். அவள் கடைக்குப் போயிருந்தால் நான் தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு மாடிப்படி இறங்கி என் தோளைக் கொடுத்தேன். மழைக்காலம் முழுக்க இதுதான் நடந்தது.

வேன் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அக்கா ஆட்டோவில் மூட்டை அனுப்பினாள். மழையில் இரண்டு தடவை துணி நனைந்து போனது. ஒருமுறை மூட்டை அவிழ்ந்து நடுத்தெருவில் சேற்றில் விழுந்தது. ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் போனில் கத்தியது மாடிக்குக் கேட்டது.

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்குள்ள மூடின வண்டியில துணி வரணும்மா. உங்க வண்டியோ வாடகை வண்டியோ, ஆனா தினமும் அதே வண்டி. இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்காங்க. என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அந்த ஆஸ்பத்திரி போனால் அக்காவுக்குத் தொழிலே இல்லை. தினமும் வாடகை வண்டி வைத்தால் மிஞ்சுவது சோப்பு நுரைதான். இதை அவள் முன்னாலேயே யோசித்திருந்தாள். இஸ்திரியை விடியலிலேயே முடித்துவிட்டு டிரைவிங் பள்ளிக்குப் போனாள். இந்த வயதில் எட்டு போட்டுக் காட்டி லைசென்சும் வாங்கிவிட்டாள். கவர் வந்த அன்று அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோ நல்லாயிருக்கு. துணி மடிக்கிற மாதிரின்னு நெனச்சியா வண்டி ஓட்டுறத?" என்று கேட்டுவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் வந்தார். அவருக்குத் தெருவில் 'அவசரம்' என்று பெயர். எதற்கும் அவசரப்படமாட்டார் என்பதால் வந்த பெயர். வந்ததும் டீ கேட்டார், டீ வந்ததும் பன் கேட்டார். அதையும் தின்று முடித்துத்தான் தார்ப்பாயை உருவினார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தகரக் கூரை போட்ட அந்த ஷெட்டுக்குள் அவித்த மாதிரி இருந்தது.

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பேட்டரி!" என்றார் அண்ணன் ஜன்னலிலிருந்து. அவருடைய ஜன்னல் ஷெட்டைப் பார்த்தது. நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போடச் சொல்லி, என் தோளிலும் அக்கா தோளிலும் தொங்கி வந்து உட்கார்ந்திருந்தார்.

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அக்கா வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, துணி தேய்க்கிற பிரஷ்ஷாலேயே தேய்த்தாள். 'அவசரம்' தன் கடைக்குப் போய் வேறு பேட்டரி தூக்கி வந்தார். இப்போது செல்ஃப் நன்றாக அடித்தது. இஞ்சின் சுற்றியது, இருமியது, பற்றவில்லை.

"பேட்டரி மட்டுமில்லண்ணே. வேற என்னமோ."

"இத்தன நாளா நின்ன வண்டி. டேங்க்ல தண்ணி இறங்கியிருக்கும். டீசலு பூரா கெட்டிருக்கும். வடிச்சிடு. சும்மா மேலாப்புல பாக்காத."

"டேங்க்க வடிக்கிறதுன்னா பெரிய வேலைண்ணே."

"வேலைன்னா வேலைதான். வண்டி ஓட்டணும்னு ஆசப்பட்டவ செய்யட்டும்."

செய்தாள். ஈரத் தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். திருகைக் கழற்றியபோது டீசல் அவள் கைவழியாக இறங்கி அக்குள் வரைக்கும் போனது. வாளி வாளியாக நான் தூக்கி வைத்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. புது டீசல், புது ஃபில்டர். பிறகு பைப்பில் அடைத்துக்கொண்ட காற்றை வெளியேற்றக் கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி என் விரல் மரத்துவிட்டது. சாவியைத் திருப்பினோம். சுற்றியது, பற்றவில்லை.

"ஹீட்டர் பிளக் போயிருக்கும். நாலையும் கழட்டு" என்றது ஜன்னல்.

இஞ்சினைச் சூடேற்றுகிற அந்த நாலு பிளக்கில் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. 'அவசரம்' ஸ்பேனரைப் பிடிக்க, அக்கா அதன்மேல் குழாய் சொருகி எக்கித் தள்ளினாள். பட்டென்று விட்டுக்கொடுத்தது. அவள் கை போய் இரும்பில் மோதி விரல் முட்டித் தோல் உரிந்தது. புடவைத் தலைப்பால் சுற்றிக்கொண்டாள். பேட்டரியில் வைத்துச் சோதித்தால் நாலு பிளக்கும் சிவக்கச் சிவக்க எரிந்தன.

"எல்லாம் நல்லாத்தான்ணே இருக்கு!" என்று 'அவசரம்' கையை விரித்தார். அவருக்கும் கோபம் வர ஆரம்பித்திருந்தது. "நீங்க சொல்றதையெல்லாம் செஞ்சு பாத்தாச்சு."

"நான் ஓட்டின வண்டி எனக்குத் தெரியாதாடா?"

நடுவில் "தோளு!" என்று ஒரு சத்தம். அக்கா டீசல் கையைக் கழுவக்கூட இல்லாமல் ஓடினாள். பாத்ரூமுக்குப் போய் வந்தார்கள். அவர் சட்டையில் அவள் கை அச்சு கறுப்பாகப் பதிந்திருந்தது. "சட்டையக் கெடுத்துட்டா பாரு" என்று அவர் முனகியது எனக்கே கேட்டது.

மத்தியானம் தயிர்ச் சோற்றை உருட்டி ஆளுக்கு ரெண்டு வாய். மாடியில் ஒரு வரிசை முழுக்க விரிப்புகள் காய்ந்து மொறமொறவென்று ஆகிக்கொண்டிருந்தன, எடுக்க ஆளில்லை. 'அவசரம்' இஞ்சினுக்கு டீசல் கொண்டுபோகிற ஒரு பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். இஞ்சின் சுற்றியது. பைப்பில் ஒரு சொட்டு வரவில்லை.

"பாத்தீங்களா அக்கா? பம்புக்குள்ள டீசல் வருது. பம்பை விட்டு வெளிய போகல."

அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அதான் சொல்றேன். பம்ப் போச்சு. நின்னு நின்னு உள்ள இறுகியிருக்கும். கழட்டிப் பம்ப் கடைக்கு அனுப்பு. ஒரு வாரம், பத்து நாளு ஆகும். ஏய், நீ ஸ்டோர்காரருக்குப் போன் போட்டு வேற ஆளப் பாக்கச் சொல்லிடு. பாவம், அந்த மனுஷனையும் ஏன் காக்க வைக்கணும்?"

அக்கா உரிந்த முட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'அவசரம்' பம்பைக் கழற்ற ஸ்பேனர் தேடினார்.

"தம்பி, இருங்க" என்றாள் அக்கா. "எனக்கு ஒரு சந்தேகம். தப்பா இருந்தா சிரிக்காதீங்க."

"சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்? சொல்லுங்க."

"நான் மூட்டைய ஏத்திட்டு அவர் பக்கத்துல உக்காருவேன்ல. அவரு சாவியப் போட்டதும், செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி, சீட்டுக்கு அடியில 'டக்'குன்னு ஒரு சத்தம் கேக்கும். எப்பவும் கேக்கும். காலையிலருந்து அது கேக்கவே இல்ல."

'அவசரம்' நெற்றியில் அடித்துக்கொண்டார். கரி நெற்றியில் ஐந்து விரலாகப் பதிந்தது.

"புத்தி கெட்டவன் நான். காலையிலயே பாத்திருக்கணும். ஒவ்வொண்ணா அண்ணன் சொல்லச் சொல்ல அது பின்னாலயே போயிட்டேன். பம்ப் மேல ஒரு சின்ன வால்வு இருக்குக்கா. சாவி போட்டா கரண்ட் வந்து அது திறக்கும், அந்த 'டக்' அதான். கரண்ட் வரலன்னா அது டீசல விடாது. பம்ப்ல ஒண்ணும் இல்ல!"

"டேய், அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. பம்ப்பக் கழட்டு" என்றது ஜன்னல். இந்தத் தடவை குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

வால்வுக்கு வருகிற வயரில் சோதனை பல்பை வைத்தார். எரியவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே கையைப் பின்னால் விட்டார். சீட்டுக்கு அடியில், தகட்டு மறைவில், வயர்க் கட்டுக்குள் விரல் துழாவியது. நின்றது.

"அறுந்திருக்கு."

"எலியா?" என்று கேட்டேன். தெருவில் மழைக்கு எலி ஏகம்.

அவர் இரண்டு முனைகளையும் வெளிச்சத்துக்கு இழுத்தார். சீவினாற்போல் நறுக்கியிருந்தது. இரண்டு முனையிலும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"எலி கடிக்கும். டேப் சுத்தாது" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். இரண்டு சுற்றிலும் நுனி முக்கோணமாக உள்ளே மடித்து ஒட்டியிருந்தது.

மேலே தகரம் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இத வெட்டணும்னா எப்படி வெட்டணும்?"

"எப்படின்னா... சீட்டத் தூக்கி, இப்படி நின்னு, குனிஞ்சு, கைய உள்ள விட்டு..."

"நின்னு?"

"ஆமாக்கா. உக்காந்துக்கிட்டு எட்டாது."

அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. வயரை வெட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கிறார். பாத்ரூம் கதவைத் தாண்டி, நடையைத் தாண்டி, ஷெட்டுக்கு வந்து, சீட்டைத் தூக்கி நின்றிருக்கிறார். அக்கா டிரைவிங் பள்ளிக்குப் போயிருந்த ஏதோ ஒரு காலையில். நான் மாடியில் மெஷின் சத்தத்தில் இருந்திருப்பேன். அன்று மத்தியானமே "தோளு!" என்றும் கூப்பிட்டிருப்பார். நானே ஓடியும் இருப்பேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை.

"நடந்தீங்களா?"

"என்ன?"

"ஷெட்டு வரைக்கும் நடந்தீங்களான்னு கேக்குறேன்!"

"யாரு சொன்னா? எவனாவது திருட்டுப் பய வந்து..."

"திருட்டுப் பய வந்து நுனிய மடிச்சு ஒட்டிட்டுப் போனானா? அடுத்த தடவ நமக்கு நகம் வலிக்கக் கூடாதுன்னு?"

அக்கா கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள்.

"காலையிலருந்து பேட்டரின்னீங்க. டேங்க்குன்னீங்க. பிளக்குன்னீங்க. தெரிஞ்சே சொன்னீங்க. என் கையப் பாருங்க. இந்தத் தோல் உரிஞ்சப்பவும் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருந்தீங்க? பம்ப் கடைக்குப் பத்து நாளாம். ஸ்டோர்காரரு பாவமாம்!"

"இல்லடி, கோவப்படாத, நான் சொல்றதக் கேளு..."

"ராத்திரியில எத்தன தடவ எழுப்பியிருக்கீங்க? தோளு தோளுன்னு. காய்ச்சலோட எந்திரிச்சு வந்தேன். இவ தைக்கிறத விட்டுட்டு ஓடி வந்தா. கட்டின புருஷன், முடியாத மனுஷன்னு தாங்கினேன். என் பொழப்ப அறுக்க மட்டும் காலு வந்துச்சா உங்களுக்கு?"

'அவசரம்' இடையில் புகுந்தார். சமாதானம் பேசினார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. "அண்ணே, ஊர்ல யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா? பேட்டரிய முதுகுல சுமந்துக்கிட்டு வந்தேன்ணே!" பிறகு வயரை எடுத்தார். "விடுங்கக்கா. ஒரு நிமிஷ வேல. நான் சேத்துடறேன்."

"தொடாதீங்க" என்றாள் அக்கா. இடுக்கியையும் டேப்பையும் அவர் கையிலிருந்து வாங்கி சீட்டுப் பக்கத்தில் வைத்தாள். "வெட்டினவரு வந்து ஒட்டட்டும்."

"என்னால எப்படி..." என்றார் அண்ணன்.

"வந்த மாதிரியே."

அவள் ஷெட் தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள். நேரம் போனது. உள்ளே வாக்கர் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அறை வாசலில் தெரிந்தார். தோளில் துண்டு, முகமெல்லாம் வேர்வை. வலி இருந்தது, அது பொய்யில்லை. காலை ஊன்றும்போது உதட்டைக் கடித்தார். பழக்க தோஷத்தில் என் கால் ஓர் அடி முன்னால் போனது. அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பிடியில் எனக்கும் வலித்தது.

அவர் பாத்ரூம் கதவைத் தாண்டி வந்தார். அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேருமே அவரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சீட்டருகே வந்து, வாக்கரை விட்டு, நின்று, குனிந்தார். டேப்பைப் பிரித்தார். மடித்த நுனி சுலபமாக வந்தது. செம்பு இழைகளை முறுக்கிச் சேர்த்து, புது டேப் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தினார். முடிக்கும்போது கை தன்பாட்டில் நுனியை முக்கோணமாக மடித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது.

சீட்டை இறக்கி அக்கா ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். 'டக்.'

இஞ்சின் சுற்றியது, திணறியது, ஒரு குலுக்கு குலுக்கிப் பற்றிக்கொண்டது. ஷெட் முழுக்கக் கறும்புகை. 'அவசரம்' இருமிக்கொண்டே சிரித்தார். அண்ணன் ஓட்டுநர் பக்கக் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் கேட்டதும் ஏறி உட்கார்ந்தே பழகின உடம்பு அது. சீட்டில் ஆள் இருந்தது.

"நீயே ஓட்டிட்டா..." என்றார். புகையில் கண் கலங்கியிருந்ததா, வேறு எதனாலோ, தெரியவில்லை. "துவைக்கிறதும் நீ. ஓட்டுறதும் நீ. அப்புறம் இந்த வீட்டுல நான் எதுக்குடி?"

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். இளகிவிடுவாள் என்று பயந்தேன். இளகிப் பழகினவள்.

"அத என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள். "வயர்கிட்ட கேட்டிருக்கீங்க." இஞ்சினை நிறுத்தாமல் சூடேறட்டும் என்று விட்டுவிட்டு இறங்கினாள். மாடிக்குப் போய்க் கொடியில் காய்ந்த விரிப்புகளை எடுக்க ஆரம்பித்தாள். நான் மறுநுனியைப் பிடித்தேன். இருட்டும்வரை இரண்டு பேரும் மடித்தோம். ஒவ்வொரு விரிப்பையும் உதறிய உதறலில் எனக்குக் காது அடைத்தது.

மறுநாள் விடிந்ததும் மூட்டைகளை ஏற்றினோம். அண்ணன் கூப்பிடாமலேயே எழுந்து வந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. அக்கா ரிவர்ஸ் எடுத்தாள். ஒருமுறை இஞ்சின் நின்றுபோனது. அண்ணன் வாய் துடித்தது; நல்லவேளை, திறக்கவில்லை. அவள் மறுபடி கிளப்பி வளைத்து கேட்டுக்கு நேராக நிறுத்தினாள்.

கேட் சாத்தியிருந்தது. அதன் பக்கத்தில்தான் நான் நின்றேன். கை நீட்டினால் தாழ்ப்பாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தேன்.

அக்கா ஹாரன் அடித்தாள்.

அவர் நடந்து வந்தார். வாக்கரைச் சுவரில் சாய்த்து, தாழ்ப்பாளை நீக்கி, கனமான கதவை உடம்பால் தள்ளித் திறந்தார். வேன் அவர் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியிருந்தாள். முட்டியில் கட்டுப்போட்ட கை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது.

"ஏய்... பாத்ரூம் போகணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"நடந்து போங்க" என்றாள் அக்கா. "தோளு வேலைக்குப் போகுது."